முதுகுப்பேயும் மாமா கல்யாணமும்

நேற்றுக் காலையிலிருந்து நம் வகுப்புக் குரூப்பில் ஒரே ரகளை. புதிதாக வந்திருக்கும் பேய்ப் படத்தில் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பது நிஜப் பேயா, இல்லை அந்தப் பெண்ணின் மனக்கோளாறா என்று, மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொள்ளும் வயதில் அடித்துக்கொள்கிறோம். ஒருத்தி கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டே போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தித் திரும்பச் சேர்ப்பதற்குள் என் இட்லி ஆறிவிட்டது. நான் மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இந்தச் சண்டை மிகப் பழையது, தோழிகளே. நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், இதே கேள்வியால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே நின்றுபோக இருந்தது. எழுதுகிறேன், ஆற அமரப் படியுங்கள்.

என் அம்மாவின் தம்பியை உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட வாசலில் மொபெட்டோடு நின்று, என்னை முன்னால் நிற்க வைத்து ஓட்டிப் போவாரே, அந்த மாமாதான். பெற்றவர்கள் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். அவருக்கு ரீல் கொண்டுபோகும் வேலை. அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு ஒரே பிரிண்டை எடுத்து, ராஜபாளையத்துத் தியேட்டரும் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தியேட்டரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அங்கே ஒரு மணி நேரம் முன்னதாக ஆட்டம் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களை மாமா பையில் போட்டுக்கொண்டு இங்கே பறந்து வருவார். இங்கே ஓடி முடிந்ததைத் தூக்கிக்கொண்டு திரும்பப் பறப்பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

அந்தப் பையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முரட்டுக் காக்கித் துணியில் தைத்த தோள்பை. திறந்தால் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல ஒரு புளிப்பு வாடை வரும். அது பழைய பிலிமின் வாடை என்று மாமா சொல்லுவார். அடிப்பக்கம் கிழிந்து, பச்சைத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டில் ஒரு பாக்கெட் மூடியும் அதில் ஒரு பொத்தானும்கூட இருந்தன. அந்தப் பொத்தானைப் போட்டுக் கழற்றுவது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு.

அந்தக் கோடையில்தான் அந்தப் பேய்ப் படம் வந்தது. கதாநாயகன் பெரிய பண்ணை வீட்டுக்குத் தனியாகக் குடிவருவான். கொல்லைக் கிணற்றிலிருந்து ஓர் உருவம் ஏறி வரும். உடம்பெல்லாம் சேறு. ஆனால் அது நம் பக்கம் முகத்தைக் காட்டவே காட்டாது. முதுகைக் காட்டியபடி, பின்பக்கமாகவே நடந்து நடந்து வரும். குதிகால் முதலில், விரல் பிறகு. ‘சளக், சளக்’ என்று ஈரச் சத்தம். தெருப் பிள்ளைகள் நாங்கள் அதற்கு முதுகுப்பேய் என்று பெயர் வைத்தோம். யாராவது முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலே ஓடிவிடுவேன். அம்மா அடுப்பைப் பார்த்து நின்றால்கூட, “அம்மா, திரும்பு” என்று அழுதிருக்கிறேன். கடைசியில் அந்தப் பேய் கதாநாயகனைக் கிணற்றுக்குள் இழுத்துப் போய்விடும். தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. உடனே ‘நன்றி, மீண்டும் வருக’ என்று சிலைடு போட்டு விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

நம் ஊரே பயந்து நடுங்கிற்று. அப்பா பால் சொசைட்டியில் பால் அளப்பவர். இரண்டு தடவை படம் பார்த்துவிட்டு, செம்போடு வருகிற ஒவ்வொருவருக்கும் கதையை அளந்து ஊற்றினார்.

இதற்கு நடுவில் மாமாவுக்குப் பெண் பேசினார்கள். பெண் வீடு மடவார் வளாகத்தில். அவள் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பாள். பெண்ணின் அப்பா பட்டாளத்திலிருந்து வந்தவர். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் காவல் வேலை பார்த்தார். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். மீசையும் விறைப்புமாக இருப்பார். நாங்கள் அவரை மிலிட்டரிக்காரர் என்றே சொல்லுவோம். பெண் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று. இனி அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி. நம் பக்கத்தில் அதுதானே கையெழுத்து. பெண் வீட்டார் வந்து இலையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தால் அத்தோடு முடிந்தது.

மிலிட்டரிக்காரரும் அவர் மனைவியும் தரகரோடு வந்தார்கள். கூடத்தில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. பாயச வாசனை வாசல்வரை போயிற்று. மாமா புதுச் சட்டையில் வேர்த்து விறுவிறுத்து நின்றார். அப்பாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“மாப்ள கொண்டுவார படத்தப் பாத்தியளா? பேய் எப்படி?”

“ராஜபாளையத்துல பாத்தேன், மில்லு ஷிப்ட் முடிஞ்சு. நல்ல படம். ஆனா அது பேயில்லையே. அந்தப் பையனுக்கு மனசுல சீக்கு. கடைசில டாக்டர் வந்து வெளக்கமாச் சொல்லுதாரே.”

“எந்த டாக்டர்?”

“கண்ணாடி போட்ட டாக்டர். சின்ன வயசுல அவன் செஞ்ச தப்புதான் அப்படி உருவமா வருதாம். அது அவன் மூஞ்சிதான், அதான் அவனால பாக்க முடியல. எம்புட்டு அருமையாச் சொன்னாரு!”

“நான் ரெண்டு தடவ பாத்தேன். டாக்டரும் வரல, கம்பவுண்டரும் வரல. கெணத்துக்குள்ள போறான், லைட்டப் போட்டுட்டான்.”

“அப்ப நான் பொய் சொல்லுதேனா?”

“அப்படிச் சொல்லுவனா? ஷிப்ட் முடிஞ்ச அசதில தூங்கிருப்பிய. கனவுல டாக்டர் வந்திருப்பாரு.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பட்டாளத்து மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மிலிட்டரிக்காரர் எழுந்தே விட்டார். “பனியில விடிய விடிய கண்ண மூடாம நின்னவன்யா நான்! என்னையத் தூங்கினேங்கியா? ஒரு சினிமாவுக்கே இம்புட்டுப் பொய் சொல்லுத வீடு, நாளைக்கு எம் பொண்ணு விசயத்துல என்னென்ன சொல்லுமோ!” என்றார். அவர் மனைவி பாயசத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். தரகர் மட்டும் செத்த நேரம் நின்று இரண்டு வடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஓடினார்.

அன்று மாமா கொல்லையில் மொபெட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் ஒட்டிக்கொண்டேன்.

“மாமா, படத்துல டாக்டர் உண்டா?”

அவர் தலையைத் தூக்கவில்லை. “உண்டு.”

பிறகு எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினார். பெண் பேசுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே அந்தத் தையல்காரப் பெண்ணை அவருக்குத் தெரியும். ராஜபாளையத்திலிருந்து வரும் வழியில்தானே மடவார் வளாகம். ஒருநாள் பை கிழிந்து அங்கே நின்றார், அவள் ஒட்டுப் போட்டுத் தந்தாள். அதிலிருந்து தினமும் ஒரு சொம்பு மோர், நாலு வார்த்தை. அவளுடைய அம்மா உள்ளே தூங்குவார், இல்லை தூங்குவதுபோல இருப்பார். இந்தப் படம் வந்த முதல் நாள் மோரும் பேச்சும் நீண்டுவிட்டன. கடைசி ரீல் தியேட்டருக்கு வந்தபோது, கிணற்றோடு படம் முடிந்துவிட்டது என்று ஜனங்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. மேனேஜர் பார்த்தார்: அடுத்த ஆட்டத்துக்குச் சீக்கிரம் ஆள் ஏற்றலாம், இது நல்லதாய்ப் போயிற்று என்று அதையே வழக்கமாக்கிவிட்டார். அந்தக் கடைசி ரீல் தினமும் வந்து, ஓடாமலே திரும்பிப் போயிற்று.

“அப்ப அப்பாகிட்டச் சொல்லிருங்க மாமா.”

“ஏன் லேட்டாச்சுன்னு கேப்பாவள்ல? அவ பேரு வெளிய வரும். அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா பெல்ட்டக் கழட்டிருவாரு. சொன்னாலும் அவ கெடைக்க மாட்டா, சொல்லாட்டியும் கெடைக்க மாட்டா.” இருபத்தாறு வயது ஆள் என் பாவாடை நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ரோஷக்காரர்களுக்கு ஒரு நல்ல குணம், சண்டையைப் பாதியில் விட மாட்டார்கள். நாலாம் நாள் தரகர் மூலம் மிலிட்டரிக்காரர் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமையோடு படத்தை எடுக்கிறார்கள். அன்றைக்கு மேட்னியில், ராஜபாளையத்திலிருந்து கடைசி ரீலை அவரே மடியில் வைத்துக்கொண்டு மாமாவோடு வருவார். நம் ஊர்த் தியேட்டரில் அது ஓட வேண்டும். அப்பா பார்த்துவிட்டு, டாக்டர் உண்டு என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மேற்கொண்டு பேச்சு. தன் வீட்டில் அவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை, மாமாவும் அவளிடம் சொல்லத் தைரியமில்லாமல் இருந்துவிட்டார்.

“வேற படத்து ரீல மாத்திக் கொண்டாந்தா?” என்று கேட்டார் அப்பா. “நம்ம ஆளு ஒண்ணு கூட வரணும்.” அந்த ஆள் நான்தான். பத்து வயதில் இப்படி ஒரு பதவி உங்களில் யாருக்குக் கிடைத்தது? மாமாவின் காதில் மட்டும், “இன்னைக்கு மோர் கெடையாது மாமா, நேரா வந்துருவோம்” என்றேன். அவர் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

ராஜபாளையத்தில் மிலிட்டரிக்காரர் எனக்கு ஒரு மாம்பழம் வாங்கித் தந்தார். மாம்பழச் சாறு முழங்கைவரை ஒழுக, அவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தேன். பேய் வரும்போதெல்லாம் குனிந்து, “பயப்படாத தாயி, எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு” என்றார். இரண்டாம் தடவை பார்க்கிறவர் என்பதால் அது வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கிணற்றுக் காட்சி முடிந்து நிஜமாகவே ஒரு டாக்டர் வந்தார். கண்ணாடியும் இருந்தது. மிலிட்டரிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் பதக்கம் வாங்கிய பெருமை. மாமா ரீலோடு இறங்கினால் ஒரு நிமிஷம் வீணாகக் கூடாது என்று, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலுக்குப் போய் மொபெட் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் சாட்சியாக மாமாவோடு ஆபரேட்டர் அறைக்கு ஏறினேன்.

அந்த ஆபரேட்டர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். டாக்டர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கீழே ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மாமா, “அண்ணே, நேரமாச்சுண்ணே” என்றார். ஆபரேட்டர் “சாலு, சாலு” என்று மிஷினை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்து, மேல் தட்டில் இன்னும் கொஞ்சம் பிலிம் சுற்றியிருந்தது.

“மாமா, இன்னும் இருக்கே?”

“அது வெத்துப் பிலிம். போதும்னுதான சொல்லுதாரு, வா” என்று மிச்சத்தைக் கையாலேயே சுற்றிப் பையில் போட்டார். தினமும் அப்படித்தானாம். டாக்டர் பேசி முடித்ததும் கழற்றிவிடுவார்களாம்.

முன்னால் நான், நடுவில் மாமா, பின்னால் மடியில் பையோடு மிலிட்டரிக்காரர். இடது பக்கம் மலை கூடவே வந்தது. பாதி வழியில் பின்னாலிருந்து குரல் கேட்டது. “ஏப்பா, இந்தப் பச்சைத் துணி ஏது?”

“பழைய துணி, ஐயா.”

“பொத்தான் இருக்கு.”

“ஆமா, ஐயா.”

“நட்சத்திரம் போட்ட பொத்தான். எம் பட்டாளத்து பேண்ட்டுப் பொத்தான். கொடில காஞ்சது காணாமப் போச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரனோட ஆறு மாசமாப் பேச்சுவார்த்தை இல்ல எனக்கு.”

  மொபெட்டின் வேகம் கூடிற்று. மடவார் வளாகத்துக் கோயில் கோபுரம் தெரிந்தது. நேராகப் போங்கள் மாமா, நேராகப் போங்கள் என்று மனதுக்குள் கத்தினேன். ஆனால் ஆறு மாதப் பழக்கம் இருக்கிறதே, அதற்குப் பயமும் தெரியாது, சத்தியமும் தெரியாது. பயத்தில் மூளை எங்கோ போய்விட, கை தானாகத் திரும்பியது. வண்டி சந்துக்குள் நுழைந்து, வேப்பமரத்துக்குக் கீழே, தினமும் நிற்கும் இடத்தில் நின்றது.

தையல் மிஷின் சத்தம் நின்றது. அவள் சொம்போடு தலை குனிந்து வந்தாள்.

“ஏன் இன்னைக்கு இம்புட்டு நேரம்? மோரு புளிச்சே போச்சு. அந்தக் கடைசி ரீலத்தான் எவனும் பாக்கப் போறதில்லையே, செத்த நேரம் இருந்துட்டுப் போனா என்ன?”

பிறகுதான் நிமிர்ந்தாள். மாமாவின் தோளுக்கு மேலே அவளுடைய அப்பாவின் மீசை.

 மிலிட்டரிக்காரர் இறங்கினார். மடியிலிருந்த பையை என் கையில் கொடுத்தார். மகளிடமிருந்து சொம்பை வாங்கி, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். மீசையைத் துடைத்தார்.

“ஆக, அந்த டாக்டரு தெனமும் எங்க வீட்டு வாசல்லதான் ஒக்காந்திருந்தாரா?”

மாமாவுக்கு உயிரே இல்லை. “ஐயா...” என்றார்.

“பேசாத. அங்க உம்ம மச்சான் என்னையப் பொய்யன்னு சொல்லிட்டு ஒக்காந்திருக்காரு. மொதல்ல ரீலு போய்ச் சேரட்டும். பொறவு ஒன்னய வச்சுக்கிடுதேன். எடு வண்டிய!”

எடுத்தார். வழியெல்லாம் மாமா மூக்கை உறிஞ்சும் சத்தம் என் உச்சந்தலையில் கேட்டுக்கொண்டே வந்தது.

தியேட்டரில் அப்பா, பால் சொசைட்டி ஆட்களில் பாதியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேனேஜர் முனகினார். மிலிட்டரிக்காரர் முறைத்த முறைப்பில் ரீல் மிஷினில் ஏறிற்று. கிணற்று அலை அடங்கி, விளக்குப் போடுவார்கள் என்று எழுந்தவர்கள் திரையில் டாக்டரைக் கண்டதும் கொதித்துவிட்டார்கள். “யாருய்யா நீ? எங்க பேயி எங்கய்யா?” என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் முறுக்கை விட்டெறிந்தார். நல்ல பேயைக் கெடுத்துவிட்டார்களே என்ற கோபம். அப்பா முகம் தொங்கிப் போனது. ஆனால் நேர்மையான மனிதர். எழுந்து மிலிட்டரிக்காரர் முன்னால் வந்து நின்று, “நான்தான் தப்பு. டாக்டர் உண்டு. மன்னிச்சிருங்க” என்றார், நாலு பேருக்குக் கேட்கும்படி. மிலிட்டரிக்காரர் நிமிர்ந்து, பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர் ஆபரேட்டரை அவசரப்படுத்த அங்கே யாரும் இல்லை. டாக்டர் நோயாளியின் அறையைப் பூட்டுகிறார். சாவியைச் சுழற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரியின் நீளமான வராந்தாவில் தனியாக நடந்து போகிறார். ‘சளக்’ என்று ஒரு சத்தம். டாக்டர் நிற்கிறார். அவருக்குப் பின்னால், சேறு சொட்டச் சொட்ட, முதுகைக் காட்டிக்கொண்டு, குதிகால் முதலில், விரல் பிறகு.

அத்தோடு ரீல் தீர்ந்தது. வெள்ளைத் திரை.

 அப்புறம் எழுந்த விசில் ஆண்டாள் கோயில் கோபுரம்வரை கேட்டிருக்கும். “நம்ம பேயி வந்துட்டுலே!” என்று சொசைட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். என் கையை யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். மிலிட்டரிக்காரர். உள்ளங்கை முழுதும் வேர்வை.

“இது ஏதுப்பா? அங்க இது வரலையே?” என்று மாமாவைக் கேட்டார்.

“சனம் எந்திரிச்சதும் அங்கன நிப்பாட்டிருவோம், ஐயா. எனக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமாகும்னு...”

“நேரம் எதுக்கு மிச்சம்?”

மாமா தரையைப் பார்த்தார். காரணம் கேட்டவர் வயிற்றிலேயே புளித்த மோராக இருந்ததே, இனிக் கேட்பானேன். மிலிட்டரிக்காரர் தோள் குலுங்கிற்று. அடிக்கத்தான் போகிறார் என்று நான் நடுவில் புகுந்தேன். பார்த்தால் மனிதர் சிரிக்கிறார். கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். இரண்டு ஊர், ஒரு படம், ஆளுக்கு ஒரு முடிவு, எல்லாம் ஒரு சொம்பு மோருக்காக. சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

“பசிக்குது. ஒங்க வீட்டுல சோறு கெடைக்குமா?”

அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா பாதிப் படிக்கட்டைத் தாண்டிக் குதித்து வீட்டுக்கு ஓடினார். மாமா மொபெட்டில் சாய்ந்து நின்று, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். அந்த ரீலை ராஜபாளையத்தில் சாயங்கால ஆட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. மேனேஜர்தான் விரட்டி அனுப்பினார். மாப்பிள்ளை இல்லாமலே கை நனைத்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இப்போது யோசித்தால், அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. அந்தப் பையை வாரம் ஒருமுறை துவைத்தவள் அவள்தானே, அத்தனை நேர்த்தியான தையலைப் பார்த்திருக்க மாட்டாளா? ஆண்கள் இரண்டு பேரும் பேயா மனசா என்று மல்லுக்கட்டினார்களே தவிர, ரீல் ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பை இப்போது இல்லை. பொத்தானை மட்டும், எனக்கு அத்தையாகிவிட்ட அந்தத் தையல்காரப் பெண் தன் தையல் டப்பாவில் வைத்திருக்கிறாள். மாமாவுக்கு இன்றைக்கும் சாப்பாட்டின் கடைசியில் மோர் புளித்திருக்க வேண்டும்.

பேயா மனசா என்று என் தீர்ப்பைக் கேட்கிறீர்கள். அன்று வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மத்தியானத்துப் புளிக்குழம்பும் சுட்ட அப்பளமும்தான் இருந்தது. இலை போட்டாயிற்று. விளக்கு வைக்கிற நேரம். கை, முகம் கழுவக் கொல்லைக் கிணற்றடிக்குப் போன மிலிட்டரிக்காரர் பின்வாசற்படியிலேயே நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

“தாயி, செத்த நேரம் இங்கன வந்து நில்லேன். சும்மா, பேச்சுத் துணைக்கு.”

நான் போனேன். அவ்வளவு நாளும் அந்தக் கிணற்றடிக்குப் போகவே நடுங்கியவள், அன்றைக்கு ஏனோ பயமே இல்லாமல் நின்றேன். பெரியவர்கள் முகம் கழுவும்போது வெறித்துப் பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். அதனால் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாளி நழுவிக் கிணற்றுக்குள் விழும் சத்தம் கேட்டது.

“ஏட்டி! மூஞ்சியக் காட்டி நில்லுட்டி!” என்று அவர் போட்ட கூச்சலில், கூடத்தில் இருந்த எல்லோரும் கொல்லைக்கு ஓடி வந்தார்கள்.